வாலாஜா ரோட்டோடு திரும்பியவர்

786
கேம்ப், பூனா
3-8-1958

அன்புத் தங்கை சைனபுவுக்கு அண்ணன் அலி அக்பர் ஸலாம் சொல்லி எழுதுவது. எனக்கு ஒன்றும் குறைவில்லை, மழைதான் விடவில்லை. நீயும் மச்சானும் ஹசீனாவும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

கடையை மறுபடி மாற்றிவிட்டேன். திட்டாதே. பழைய இடம் சர்ச்சுக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. இங்கே பெல்ட்டும் தோல்பெட்டியும் தொங்கவிட்டால் பஜாரிலிருந்தே தெரியும். இங்காவது ஒரு வருஷம் உட்காருகிறேனா பார்.

நேற்று கோவிந்தராஜ் என்று ஒரு கிழவர் பெட்டிக்கு வார் போட வந்தார். குடியாத்தத்துக்காரர். முதல் உலகச் சண்டையில் பஸ்ரா போன பட்டாளத்தில் இருந்துவிட்டு, இங்கே பக்கத்தில் கிர்க்கியில் பென்ஷனில் இருக்கிறார். நான் வழக்கம்போல உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, "அரே, ஒரு எடத்துல குந்தேம்பா. விஷாரத்து மைதீன்னு எங்ககூட ஒருத்தன் இருந்தான். அவனும் இப்பிடித்தான், தட்டக் கையில வச்சிக்கினு நடந்துக்கினே துன்னுவான்" என்றார்.

நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். "அவர் மகன்தான் நான். அத்தா பஸ்ராவிலேயே காய்ச்சலில் மவுத்தாகிவிட்டாரே" என்றேன். கிழவர் கையிலிருந்த சாயா கிளாஸைக் கீழே வைத்தார். வார் போடச் சொன்ன பெட்டியைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டார்.

ஏன் அப்படிப் போனார்? நேற்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அம்மா இருந்தபோது உன்னிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாளா?

உன் அண்ணன்,
அலி அக்பர்

786
மேல்விஷாரம்
15-8-1958

அண்ணனுக்கு சைனபுவின் ஸலாம்.

கடையை மாற்ற ஒரு காரணம், ஊருக்கு வராமலிருக்க ஒரு காரணம், கல்யாணம் செய்துகொள்ளாமலிருக்க ஒரு காரணம். உன்னிடம் சரக்கு இருக்கிறதோ இல்லையோ, காரணம் எப்போதும் இருக்கிறது. அம்மா மவுத்துக்கு வந்தவன்தான், பிறகு வாசலை மிதிக்கவில்லை.

நல்ல செய்தி சொல்கிறேன். ஹசீனாவை பாட்சா சாயபு தன் மகனுக்குக் கேட்கிறார். உங்கள் கேம்ப்பிலேயே தோல்மண்டி வைத்திருக்கிறாரே, அவர்தான். பெரிய இடம், குலம் கோத்திரம் பார்க்கிற இடம். ரம்ஜான் கழித்து நிக்காஹ்.

பெரியத்தாவைப் பற்றி உனக்குத் தெரிந்ததுதான் எனக்கும் தெரியும். நீ கைக்குழந்தையாக இருக்கும்போது பட்டாளத்து ஆள் வந்து மவுத் செய்தி சொன்னான். அம்மா இத்தா நாளெல்லாம் வெளியே வராமல் இருந்து முடித்தாள். உன்னை வளர்க்க ஆள் வேண்டுமென்று பெரியவர்கள் பேசி, அவர் தம்பிக்கே, அதாவது என் அத்தாவுக்கே நிக்காஹ் செய்து வைத்தார்கள். செய்தி வந்த ரஜப் பிறை ஏழில் வருஷா வருஷம் பாத்திஹா ஓதி நெய்ச்சோறு போடுகிறோம். அம்மாவுக்குப் பிறகு நானும் விட்டதில்லை.

வயதானவர் என்னத்தையோ நினைத்துக்கொண்டு போயிருப்பார். நீ அவர் பின்னால் அலையாதே. உன்னைத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

சைனபு

786
பூனா
21-9-1958

சைனபு, ஹசீனா பக்கத்தில் இல்லாதபோது இதைப் படி.

நீ அலையாதே என்றாய், நான் அலைந்தேன். கிர்க்கிக்கு நாலைந்து தரம் போய்க் கிழவரை விடாமல் பிடித்தேன். அத்தா பஸ்ராவில் சாகவில்லை. கிழவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சண்ட முடிஞ்சி ரெண்டு பேரும்தான் வாலாஜா ரோட் டேசன்ல எறங்கினோம். காய்ச்சல்ல கெடந்து அவன் தாடியும் எலும்புமா இருந்தான். ஜட்காக்காரனுக்கு அடையாளம் தெரியல. 'விஷாரமா, ஏறு சாயபு. இன்னிக்கு அங்க மைதீன் ஊட்ல வருஷ பாத்திஹா. நெய்ச்சோறு துன்னுட்டுத்தான் வர்றேன். பட்டாளத்துல செத்துட்டான் பாவம். பொண்டாட்டிய அவன் தம்பிக்கே நிக்கா பண்ணிட்டாங்க. புள்ளயும் நல்லா இருக்குது'ன்னான். மைதீன் வாயத் தொறக்கல. பஸ்ராவுலருந்து ஒரு கூட பேரீச்சம்பழம் கொண்டாந்தான். அத ஜட்காக்காரன் கையில குடுத்து, 'பாத்திஹா ஊட்ல குடுத்துடு'ன்னான். வந்த வழியே ரயில் ஏறிட்டான். நான் கூப்புட்டுப் பாத்தேன், திரும்பல."

சொல்லிவிட்டு அவர் அழுதார். நானும் அழுதேன்.

அத்தா பட்டாளத்துப் பழக்கத்தில் பூனா வந்து குதிரை லாயங்களில் வேலை செய்திருக்கிறார். ஒரு அறையில் சேர்ந்தாற்போல் நாலு நாள் இருந்ததில்லையாம். 1934-இல் மவுத். கிழவரும் இன்னும் சிலரும்தான் இங்கே கோந்த்வா கபர்ஸ்தானில் அடக்கம் செய்திருக்கிறார்கள். என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். ஒரு வேப்பமரத்தின் கீழே வெறும் மண்மேடு. அவர் போனபோது எனக்கு இருபது வயது, சைனபு. ஒரு ரயில் ஏறினால் பார்த்திருப்பேன். கோபம் கோபமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

உயிரோடு நடமாடிய மனிதருக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் பாத்திஹா ஓதியிருக்கிறோம். இனி ரஜப்பில் ஓதாதே. நான் அந்த மேட்டில் கல் வைக்கப் போகிறேன். பெயர், ஊர், மவுத்தான வருஷம் எல்லாம் போட்டு.

அலி அக்பர்

786
மேல்விஷாரம்
4-10-1958

அண்ணா,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

அந்த ரயில் திரும்பிப் போன மறுவருஷம் பிறந்தவள் நான். இதை யோசித்தாயா? முதல் புருஷன் உயிரோடிருக்க அம்மாவுக்கு நடந்தது என்ன நிக்காஹ்? நான் யார்? தெரியாமல் நடந்தது என்று ஆலிம்கள் சொல்லலாம், ஊர் வாய் சும்மா இருக்குமா? பாட்சா சாயபு வீட்டு மய்யித்தும் அந்தக் கோந்த்வாவில்தான் அடக்கமாகிறது. விஷாரம் மைதீன் 1934 என்று கல்லில் பார்த்தால் அவருக்குப் புரியாதா? ஹசீனா என்ன பாவம் செய்தாள்?

உனக்கு அத்தா வேண்டுமென்ற ஆசை எனக்குப் புரிகிறது. எனக்கும் ஒரு அத்தா இருந்தார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மதரஸாவுக்குப் போனவர் அவர்தான். என்னைத் தூக்கியதைவிட உன்னைத் தூக்கியதுதான் அதிகம்.

கல் வைக்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சைனபு

பூனா
2-11-1958

சைனபு,

அவருக்கு வீட்டில் இடமில்லை, ஊரில் இடமில்லை. கல்லில் ஒரு பெயர்கூடக் கூடாதா? கல்லுக்குச் சொல்லிவிட்டேன்.

அலி அக்பர்

786
மேல்விஷாரம்
22-3-1959

அண்ணனுக்கு ஸலாம்.

என் மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. கல் வைத்துவிட்டாயா என்று பயந்து பயந்து, பாட்சா சாயபு வீட்டிலிருந்து ஆள் வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன். அவர்கள் மாப்பிள்ளைக்குச் சட்டை அளவு கொடுக்கத்தான் வந்திருப்பார்கள். ரஜப்பில் நெய்ச்சோறு ஆக்கினேன். பாத்திஹா ஓத ஹஜ்ரத் வந்து உட்கார்ந்து, வழக்கம்போலத்தானே என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

நேற்று நோன்பு திறக்கும்போது ஹசீனா பேரீச்சம்பழத் தட்டை நீட்டினாள். என் கை போகவில்லை. தண்ணீரில் திறந்தேன். "நன்னிமா மாதிரியே பண்றியேம்மா" என்று நம் அம்மாவைச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உனக்கு நினைவிருக்கிறதா? அம்மா ஒரு நோன்பும் பேரீச்சம்பழத்தில் திறந்ததில்லை. என் அத்தா, "நபி காட்டின சுன்னத்தும்மா, ஒண்ணே ஒண்ணு எடு" என்பார். "பல்லுக்கு ஆகாது" என்பாள் அம்மா. கரும்பைக் கடித்துத் தின்கிற பல் அவளுக்கு.

அந்தக் கூடை அவள் கைக்கு வந்திருக்கிறது, அண்ணா. தன் புருஷன் பாத்திஹாவுக்கு பஸ்ராப் பழத்தை யார் அனுப்புவார்கள் என்று அவளுக்குத் தெரியாமலா போயிருக்கும்? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அவள் பேசியிருந்தால் நீ சின்னத்தா இல்லாமல் வளர்ந்திருப்பாய், நான் பிறந்தே இருக்க மாட்டேன். சாகும்வரை அவள் எப்படித் தூங்கினாளோ! ராத்திரியெல்லாம் அழுதேன்.

கல்லை வை. பெயரோடு வை. நிக்காஹ் ஷவ்வால் பிறை பதினாறில். அதற்கு முன்னால் வைத்தாலும் சரி, நடப்பது நடக்கட்டும். அந்த மனுஷரை இரண்டாவது தரமும் திருப்பி அனுப்ப எனக்கு மனசில்லை.

உன் தங்கை,
சைனபு

786
பூனா
2-4-1959

என் சைனபுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று கல் கொத்துகிறவர் உளியோடு கோந்த்வாவில் காத்திருந்தார். இத்தனை மாதமாகக் கல்லை வாங்கிப் போட்டுவிட்டு, இன்றைக்கு நாளைக்கு என்று அவரை நான்தான் அலைக்கழித்தேன். வைக்காதே என்று நீ அழுதபோது எனக்கு வீம்பு. வை என்று நீ எழுதியதும் வீம்பு போன இடம் தெரியவில்லை.

கல் வைத்தாகிவிட்டது. 'பஸ்ரா போய் வந்த பட்டாளத்துக்காரர்' என்று உருதுவில் ஒரே வரி. "நாம் க்யா ஹை, பாய்?" என்று கல் கொத்துகிறவர் பெயரைக் கேட்டார். பெயர் வீட்டில் இருக்கிறது என்றேன். ஊரையும் வருஷத்தையும் போடவில்லை. நம் எல்லோருக்காகவும் அவர் வாசல்வரை வந்து திரும்பினார். அது தெரிந்தும் அம்மா வாயை மூடியிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து காத்ததை நான் ஒரு கல்லை நட்டுக் கெடுக்கக் கூடாது. கோவிந்தராஜ் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்து, அட்டென்ஷனில் நின்று ஒரு சல்யூட் அடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்பவாச்சும் குந்துடா" என்றார். அத்தா பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். வெகுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ரஜப் பாத்திஹாவை விடாதே. அவருக்குத் தெரிந்த பாத்திஹா அது ஒன்றுதான்.

பிறை பதினைந்து அன்று காலையில் வாலாஜா ரோட்டில் இறங்குவேன். ஜட்காக்காரன் என்ன செய்தி சொன்னாலும் திரும்ப மாட்டேன். நிக்காஹ் சபையில் பங்கிட நீ பேரீச்சம்பழம் வாங்காதே. கூடையை நானே என் கையால் கொண்டுவருகிறேன். ஹஜ்ரத் ஓதி முடித்ததும் முதல் பழம் உனக்குத்தான். என் கண்ணெதிரில் நீ அதைத் தின்ன வேண்டும்.

வீட்டுக்கு வரும் உன் அண்ணன்,
மைதீன் மகன் அலி அக்பர்