தாய்ப்பெட்டியில் உன் குரல்

இன்று மத்தியானம் திருப்பதிக் கல்லூரியின் சாமான் அறையிலிருந்து நம் தாய்ப்பெட்டியை எடுத்துத் தூசி தட்டினேன். புதிய ஆய்வு மாணவிகளுக்கு அது வேண்டுமாம். ஓடுகிறதா என்று பார்க்க பேட்டரி மாற்றி சுவிட்சைப் போட்டேன். உள்ளே விளக்கு சூடேறியதும் மேலே போர்த்திய பழுப்புத் துணியிலிருந்து பழைய வாசனை வந்தது. சக்கரம் அசைந்தது. பிறகு நீ கூப்பிட்டாய்.

"பா... பா... பா..."

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது.

கோழிக்குஞ்சு எதைத் தாயென்று நம்பும், உருவத்தையா, சூட்டையா, குரலையா? அதுதான் என் ஆய்வு. நான் விலங்கியல் ஆசிரியை, நீ எலெக்ட்ரானிக்ஸ் லேபில் டெக்னீஷியன். அலுமினியப் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் பொம்மைக் கார் சக்கரம் பொருத்தி, நடக்கும் ரோபோ தாயாக இந்தத் தாய்ப்பெட்டியைச் செய்தவள் நீ. அதற்குக் குரல் வேண்டுமென்று சித்தூர் பக்கம் ஒரு முட்டைப் பண்ணையில் கோழிகளின் சத்தத்தைப் பதிந்து வந்தேன். அதைப் போட்டால், இன்குபேட்டரிலிருந்து வந்த குஞ்சுகள் மூலையை விட்டு நகரவே இல்லை. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"இன்னா டாக்டரம்மா! கூண்டுலயே இருந்து முட்டை போடுறதுங்க அது. ஒண்ணுகூட அடைகாத்தது இல்ல. அதுங்களுக்கு குஞ்சைக் கூப்புடத் தெரியுமா?"

அடுத்த வாரம் பாலசமுத்திரத்தில் உங்கள் வீட்டு நாட்டுக்கோழியைப் பதிந்து வந்தாய். நொய் தூவியபடி நீ கூப்பிட்டதும் அதில் சேர்ந்திருந்தது. மனிதக் குரல் கலக்கக் கூடாது, திரும்பப் பதி என்றேன். "ஒருக்கா போட்டுத்தான் பாரேன்" என்றாய். பன்னிரண்டு குஞ்சுகளும் ஓடிவந்து பெட்டிக்கு அடியில் புகுந்துகொண்டன.

"பாத்தியா, என்னைத்தான் அம்மான்றதுங்க. உன் படிப்பை இல்ல."

பதினைந்தாம் நாள் பெட்டியை நிறுத்திவிட்டு, குஞ்சுகள் எவ்வளவு நேரம் தேடுகின்றன என்று குறிக்க வேண்டும். ஒரு நாள் போதும் என்றுதான் பேசியிருந்தோம். தேடல் குறையாததால் நான் மூன்று நாளாக நீட்டினேன். சூட்டுக்குத் தனி விளக்கு இருக்கிறது, தீனி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்று உன்னிடம் வாதாடினேன். மற்றவை தீனிக்குப் போய் வந்தன. இறக்கையில் கறுப்புப் புள்ளி உள்ள குஞ்சு மட்டும் ஓசையற்ற பெட்டியை ஒட்டியே நின்றது.

"அது கூப்புடும்னு நம்பிக்கினு நிக்குது," என்றாய் இரண்டாம் நாள். "நீ டைம் எழுதிக்கினு கீற."

"இன்னும் ஒரே நாள்தான்டி."

மூன்றாம் நாள் காலையில் அது விறைத்துக் கிடந்தது. நீ பேப்பரில் சுற்றி எடுத்துப் போனாய். நான் நோட்டில் 'ஒன்று விலக்கப்பட்டது' என்று எழுதினேன். ஆய்வுக் கட்டுரையிலும் அதே வார்த்தைதான். எனக்குப் பட்டம் வந்தது. உண்மையிலேயே டாக்டரான பிறகு நீ ஒருநாளும் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை. "மேடம்" என்றாய். அதில் கோபம்கூட இல்லை.

உன்னிடம் பேசிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை லேப் வாசல் வரை வந்திருக்கிறேன். ஏதோ ஒரு ஒயர் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். காய்ச்சல் என்று லீவு போட்டாய். விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்றிருந்தேன். அதற்குள் நீ போய்விட்டாய் என்று தகவல் வந்துவிட்டது.

இன்று மாணவிகளில் ஒருத்தி, "மேடம், இதி எவரி வாய்ஸ்?" என்று தெலுங்கில் கேட்டாள். யாருடைய குரல் என்று எப்படிச் சொல்வேன்? அழித்துவிட்டு வேறு சத்தம் ஏற்றலாமா என்றாள். சரி என்றேன், ஆய்வுக்கு அதுதான் முறை. ஆனால் பெட்டியை நிறுத்தும் நாளில் குஞ்சுகளைச் சேர்க்க ஒரு அடைக்கோழி தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கிடையாது என்றேன். ஏன் என்று கேட்டபோது, கறுப்புப் புள்ளிக் குஞ்சைப் பற்றி முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். செத்துப்போனது என்றே சொன்னேன். என்னால் என்றும் சொன்னேன்.

நாளை வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் போய்விட்டார்கள். பெட்டி சுவரில் முட்டித் திரும்பி என் காலருகே வந்து நின்றது. நான் தரையில் உட்கார்ந்தேன். நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். பேட்டரி தீர்ந்து அதுவாக நிற்கும் வரை நான் அணைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளவும் இல்லை.