அலட்சியம் என்றே எழுதினேன்

அக்டோபர் 29, செவ்வாய்

லிஃப்ட் மறுபடி படுத்துவிட்டது, நான்காம் மாடியில். ஐந்து மாடி ஏறி வந்து மூச்சு வாங்க எழுதுகிறேன். கீழே வாட்ச்மேன் மஹ்ரான் பெஞ்சில் டீ உறிஞ்சிக்கொண்டிருந்தான். "நான் பாத்துக்கறேன் டீச்சரம்மா." கிழிப்பான். எங்கள் மாடி லிஃப்ட் கதவில் பூட்டு பிடிப்பதில்லை, இழுத்தால் திறந்துகொள்ளும். குடியிருப்புச் சங்கத் தலைவர் என்ஜினீயர் ஷௌக்கி இரண்டு வருஷமாக "அடுத்த மாசம்" என்கிறார்.

வியாழன் அம்மா இறந்த நாற்பதாம் நாள். நாற்காலி போதாது. அக்கம்பக்கத்தில் சொல்லியாயிற்று, வழக்கம்போல வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள்.

நவம்பர் 1, வெள்ளி

சுஹைர் விழுந்துவிட்டாள். என் தங்கை.

நேற்று குர்ஆன் ஓதி முடிந்து எல்லோரும் போன பிறகு கடைசியாகக் கிளம்பினாள். வரும்போது படியேறித்தான் வந்தாள்; அதற்குள் லிஃப்ட் சரியாகியிருக்கும் என்று நினைத்துவிட்டாள், இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கதவை இழுத்தாள், இருட்டில் காலை வைத்தாள். ஒரு மாடி கீழே நின்ற லிஃப்ட் கூரைமேல் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அந்த அலறல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

லிஃப்ட் நின்றால் பூட்டில்லாத கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட வேண்டியது மஹ்ரான் வேலை. போடவில்லை. கேட்டால் சத்தியம் பண்ணுகிறான்: "அல்லா மேல ஆணையா வச்சேம்மா! செவப்புத் துணி கட்டி வச்சேன்!" பொய்யன். வச்சா எங்கடா போச்சு? கால் முளைச்சு நடந்து போச்சா?

நவம்பர் 3, ஞாயிறு

ஷௌக்கி வந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் சங்கக் கூட்டம், மஹ்ரானை அனுப்பிவிடலாம், அறிக்கையை நான் எழுத வேண்டுமாம். முப்பத்தோரு வருஷம் அரபி நடத்தியவள் அல்லவா.

எழுதினேன். சொல்லை நிறுத்துப் போட்டேன். மறதி என்றால், மனதில் இருந்தது நழுவிப்போவது. அதை மன்னிக்கலாம். கவனக்குறைவு என்றால், கண் ஒரு நொடி வேறெங்கோ இருந்தது. அதைத் திட்டலாம். அலட்சியம் அப்படியில்லை. தன் செயலால் இன்னொருவருக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கக்கூட ஒருவன் மெனக்கெடாதது. அதற்கு மன்னிப்பே கிடையாது. அந்தச் சொல்லைத்தான் போட்டேன், மஹ்ரான் பெயருக்கு நேராக. அடிக்கோடும் இட்டேன்.

ஷௌக்கி படித்துவிட்டு, "அடடா, என்ன பொருத்தமான வார்த்தை!" என்றார்.

மாலையில் மஹ்ரானின் மனைவி ஸாபிரா படியேறி வந்து நின்றாள். "மூணு பொண்ணுங்கம்மா. அந்த ஒத்த ரூமை விட்டா எங்க போவோம்?" முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். நன்றாகவே இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

ஆஸ்பத்திரி. சுஹைருக்கு இன்று கொஞ்சம் பேச்சு வந்தது. வலியிலும் கிண்டல் போகவில்லை. "ஏன்க்கா, வந்தவங்களுக்கெல்லாம் நல்ல நாற்காலி, கூடப் பொறந்தவளுக்கு மட்டும் ஆடுற நாற்காலியா? காலைத் தொங்கப் போட்டா ஏதோ செவப்புத் துணி வேற உரசிக்கிட்டே இருந்துச்சு."

டிராமில் ஏறினேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதே நாள், மாலை

பால்கனியில் இருக்கிறது, காலில் சிவப்புத் துணியோடு அந்த நாற்காலி. நான்கு நாளாக அதன்மேல் துண்டு காயப்போட்டிருக்கிறேன்.

நவம்பர் 6, புதன்

நான்தான். வியாழன் மதியம் வாசலில் கிடந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தேன். அடுப்பில் காப்பி பொங்கிக்கொண்டிருந்தது. இது யாருடையது, ஏன் லிஃப்ட் பக்கம் தனியாக நிற்கிறது — பார்த்தேனா? பார்க்கவில்லை. துணி? அதையும் பார்க்கவில்லை. அந்த நாற்காலியைத் தங்கைக்கே போட்டு உட்காரவைத்து, துக்க வீட்டுச் சர்க்கரையில்லாக் காப்பி கொடுத்து, அந்தக் கதவுக்கே அனுப்பிவைத்தேன்.

துணியை அவிழ்த்து எறிந்தால் போதும். யாருக்கும் தெரியாது. மஹ்ரான் சோம்பேறிதானே? சோம்பேறிதான். இருந்தால் என்ன?

மறதி என்று எழுதிக்கொள்ளலாமா? வேலை மும்முரம், அம்மா போன துக்கம்... சீ! அவனுக்கு இதில் ஒன்றையாவது யோசித்தாயா, கழுதை?

நவம்பர் 8, வெள்ளி

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு இறங்கினேன். அறிக்கையைப் புதிதாக எழுதியிருந்தேன். அதே சொல், அதே அடிக்கோடு. மஹ்ரான் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். பூட்டு விஷயத்துக்கு ஷௌக்கி பெயர்.

ஷௌக்கிக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன டீச்சர் இது, படிச்சவங்க நாம... கவனக்குறைவுன்னு போட்டுக்கலாமே? இல்லேன்னா மறதி. எல்லாம் விதிதானே?"

"ஞாயித்துக்கிழமை இந்த வார்த்தை உங்களுக்கு இனிச்சுதே, இப்ப மட்டும் கசக்குதா?" என்றேன். யாரும் கை தட்டவில்லை. மஹ்ரான் சுவரோரம் நின்று நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

அவனை அனுப்பவில்லை. பூட்டுக்கு ஆள் வருமாம், அடுத்த மாசம்.

நவம்பர் 11, திங்கள்

சுஹைரிடம் சொன்னேன். சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போய்ட்டு வாக்கா" என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 24, ஞாயிறு

லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. மஹ்ரான் எல்லா மாடியிலும் நாற்காலி போட்டிருக்கிறான். எல்லா வீட்டுக்கும் ரொட்டி வாங்கித் தரும் ஸாபிரா எனக்கு மட்டும் வாங்கி வருவதில்லை, நானே கடைக்குப் போய் வாங்கிப் படியேறுகிறேன். வரும் வழியில் ஒவ்வொரு மாடியிலும் நின்று பார்த்தேன். எங்கள் ஐந்தாம் மாடி நாற்காலியை மட்டும் கதவோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறான்.