அரிசி கொண்டுவரும் பெண்

மன்னார்
09.02.2025

அன்புத் தங்கை பரமேசுக்கு,

நலமாய் இருப்பாய் என்று நம்ப ஆசைதான். உன் தொலைபேசி எப்போதும் செத்தே கிடக்கிறது. மின்சாரம் எட்டிப்பாராத காட்டில் குடியிருப்பவர்களுக்குக் கடிதம்தான் பொருத்தம்.

உன் மகள் நன்றாகப் படிக்கிறாள். துசாந்தினி என் வீட்டுக்கு வந்த இந்த இரண்டு வருடத்தில் மேசையில் இருந்து சாப்பிடவும் நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் கதைக்கவும் பழகிவிட்டாள். உங்களிடமே விட்டிருந்தால் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பாள்.

உன் புருசன் செல்வநாயகத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான். கந்தோர் உத்தியோகத்தில் கதிரையும் மின்விசிறியும் இருந்த மனிதர், யுத்தத்தில் காடாகிப்போன தகப்பன் காணியைத் திருத்துகிறேன் என்று மண்வெட்டி தூக்கினார். "உன்ர தங்கச்சி புருசன் இன்னும் காடுதான் வெட்டுறாரோ?" என்று அத்தான் அடிக்கடி கேட்கிறார். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா இராசேஸ்வரி


பாப்பாமோட்டை
16.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானிடம் சொல்லுங்கள், காடு வெட்டி முடிந்துவிட்டது. நாலு ஏக்கர் விதைத்தோம். ஒரு மூலையைப் பன்றி உழுதது. மிச்சத்தை நாங்கள் அறுத்தோம். முதலில் தோண்டிய கிணற்றில் உப்புத் தண்ணீர். இரண்டாவதும் உப்பு. மூன்றாவதில் நல்ல தண்ணீர் வந்த அன்று இவர் கிணற்றுக்குள் நின்றபடியே குடித்துவிட்டு, "மேல ஏற மனமில்லையப்பா" என்றார். கந்தோரில் இருந்த பதினாறு வருடத்தில் இவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அந்தக் கதிரைக்காக நீங்கள் இன்னும் துக்கம் கொண்டாடுவது எனக்கும் சிரிப்புத்தான்.

சனிக்கிழமை வருகிறேன். புது அரிசி ஒரு மூட்டை கொண்டுவருவேன். பிள்ளையைப் பார்த்து மூன்று மாதமாகிறது.

உங்கள் அன்புத் தங்கை
பரமேஸ்


மன்னார்
24.02.2025

பரமேசுக்கு,

நீ அன்றைக்கு ஒரு சொல்லும் பேசாமல் போனது சரியில்லை. நான் படிப்பிக்கிற பள்ளிக்கூட அதிபரின் மனைவியும் இன்னும் இரண்டு பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம். நீ சேற்றுக் காலோடு, தலையில் சாக்கோடு முன்வாசலால் வருகிறாய். பின்பக்கத்தாலும் ஒரு கதவு இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? "ஆர் இது?" என்று கேட்டார்கள். "எங்களுக்கு அரிசி கொண்டாற பொம்பிளை" என்றேன். அதில் பொய் என்ன இருக்கிறது?

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா மார்ச் 28. பெற்றோருக்கான கதிரைகளில் நானும் அத்தானும் இருப்போம். நீங்கள் இருவரும் வரவேண்டாம். பிள்ளைதான் சங்கடப்படுவாள்.

அக்கா


பாப்பாமோட்டை
09.03.2025

அக்காவுக்கு,

நான் வெட்கப்பட்டுப் போகவில்லை. தேநீர் குடிக்க வந்த மூன்று பேருக்காக உங்கள் முகம் வெளிறியதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. இப்படி நடுங்குகிற ஒருவரை நம்பியா பிள்ளையை விட்டேன் என்று பஸ்ஸில் வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை பின்னேரம் துசாந்தினி புத்தகப் பையோடு வந்து முற்றத்தில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீங்கள் போனாப் பிறகு அந்த அன்ரி என்னட்டயும் கேட்டவ, அம்மா. நானும் உங்களை அரிசிக்காரி எண்டு சொல்லிப்போட்டன்."

இவர் கிணற்றடியில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, "சாப்பிட்டனியோ?" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அவள் இங்கேதான் படிக்கப்போகிறாள். உங்கள் பள்ளிக்கூடம் போல இல்லை, எனக்குத் தெரியும். வெயிலையும் இரவில் கடிக்கிற நுளம்பையும் நாளுக்குப் பத்துமுறை திட்டுகிறாள். திட்டட்டும். தன் வீட்டில் நின்று திட்டுகிறாள்.

அவளுடைய உடுப்புகளை பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வந்து தரவேண்டியதில்லை.

பரமேஸ்வரி


மன்னார்
06.04.2025

பரமேசுக்கு,

பிள்ளை போன பிறகு உனக்கு எழுதும் மூன்றாவது கடிதம் இது. நீ பதில் போடாத முன்னைய இரண்டும் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை என்று சொல்ல அது இலண்டன் இல்லை. இங்கிருந்து அரை மணித்தியாலப் பயணம்.

பரிசளிப்பில் துசாந்தினியின் பெயரைக் கூப்பிட்டார்கள். கணிதத்தில் முதலாம் பரிசு. இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். நானும் அத்தானும் கதிரையில் இருந்தோம். "பிள்ளை எங்க ரீச்சர்?" என்று அதிபரின் மனைவி கேட்டா. காய்ச்சல் என்றேன்.

நீங்கள் செய்வது பைத்தியக்காரத்தனம் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். முதலாம் பரிசு எடுக்கிற பிள்ளையை மண்ணுக்குள் இழுத்துவிட்டீர்கள். அதில் எனக்கு மாற்றமில்லை.

அவளுடைய அறையை நான் இன்னும் கூட்டவில்லை.

வருகிற ஞாயிறு அத்தானோடு வந்து பரிசை அவளிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நேற்று அத்தான், "எந்த இடத்தில திரும்புறது?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அங்கே போய் இரண்டு வருடமாகிறது.

சுகம் விசாரிக்க வேண்டாம். வழியை மட்டும் எழுதி அனுப்பு.

அக்கா