தார்காவுக்காகப் போட்ட கையெழுத்து

அன்புள்ள மைரனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்குக் குறையில்லை, மனசுதான் சரியில்லை. யூக்கான் சுரங்கத்தில் நீயாவது நன்றாக இருக்க வேண்டும். இங்கே மானிட்டோபாவில் பனி இன்னும் விட்டபாடில்லை.

உன் அக்கா தார்காவும் லோர்னும் விடுதியில் ஒரே அறையில் இருக்க, பாதுகாவலன் என்ற முறையில் நான் போன வசந்தத்தில் கையெழுத்துப் போட்டேன் அல்லவா, அதுவரை கதவைத் திறந்து வைத்துத்தான் அவர்கள் பேச வேண்டியிருந்தது. அவனும் அவளைப் போல எதையும் மெதுவாகப் புரிந்துகொள்கிறவன்தான், ஆனால் தங்கமான பையன், இருவரும் வேலை பார்க்கும் காலி பாட்டில் கொட்டகையில் அவள் பங்கு மூட்டையையும் இவனே தூக்குவான். அன்றைக்கு சந்தோஷமாகத்தான் போட்டேன், இருபது வருஷத்துக்கு முன்னால் போட்டதைச் சுத்தமாக மறந்துவிட்டு. அப்புறம் மாதாமாதம் காலண்டரில் கோடு போட்டு, பாப்பா எப்போ வரும்ப்பா என்று கேட்க ஆரம்பித்தாள். வரவில்லை என்றதும் பழியெல்லாம் லோர்ன் மேல். நீ லாயக்கில்லாதவன், போ என்று அவன் தலையணையைத் தூக்கி வெளியே எறிந்தாளாம். ஒரு வாரமாக அவன் வேலைக்கும் போகாமல், சாப்பிடாமல், முன்னறை சோபாவிலேயே கிடந்தான்.

மைரன், உனக்கும் இது தெரியாது. பத்தொன்பது வயதில் அவளுக்கு நடந்தது குடல்வால் ஆபரேஷன் இல்லை, பிள்ளை பிறக்காமல் செய்கிற ஆபரேஷன். யாராவது அவளைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்று நானும் உன் அம்மாவும் பயந்து செத்தோம். ஒரேயடியா கவலை விட்டுடும்னு டாக்டர் சொன்னார், நான் கையெழுத்துப் போட்டேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ பலூன் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாய்.

லோர்ன் படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல், ஞாயிற்றுக்கிழமை பெரோகி சாப்பிட வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியில ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தியே, அதுக்குத்தானாப்பா என்றாள். விடுதிக்குப் போனதும் லோர்னின் தலையணையை அவளே எடுத்துத் திரும்பக் கட்டிலில் போட்டாளாம், நல்லவேளை. என்னிடம் மட்டும் இன்னும் பேசவில்லை.

விடுதியில் வேலை பார்க்கும் பெண்ணை உட்காரவைத்து மனு ஒன்று எழுதியிருக்கிறாள். இனி எனக்கு அப்பா கையெழுத்துப் போட வேண்டாம், நானே போடுவேன் என்று. கீழே கோணலாக அவள் பெயர். அதில் குடும்பத்தார் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், காது மறைய தொப்பி போட்டுக்கொள். மனுவை இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு மறு தபாலில் அனுப்பு, மறந்துவிடாதே. நான் போட்டுவிட்டேன், அவள் கேட்டு நான் போட்ட கையெழுத்து இது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஓரெஸ்ட்