கலாவின் பெயரில் முப்பத்தைந்து வருடம்

என் அன்புள்ள அப்பா,

சாப்பிட்டீர்களா என்று கேட்டுத் தொடங்கத்தான் இன்னும் கை போகிறது. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. முகாமில் எல்லோரும் சுகம். எனக்குத்தான் பயமாக இருக்கிறது அப்பா.

என்னைப் பெற்ற அம்மா உயிரோடு இருக்கிறார். மன்னாருக்குத் திரும்பிப் போன நம் முகாம்காரர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். போனில் முகம் பார்த்தேன், எனக்கு ஒன்றும் நினைவில்லை. முழங்காலைக் காட்டச் சொன்னார். தழும்பைப் பார்த்ததும், "என்ர சாந்தி, நான் கண்ணை மூட முதல் ஒருக்கா வந்திட்டுப் போ பிள்ளை" என்று அழுதார். சாந்தி என்று என்னை யாராவது கூப்பிட்டு முப்பத்தைந்து வருடமாகிறது.

போவதற்குத் தாள் வேண்டும். அம்மா அனுப்பிய பிறப்புச் சான்றிதழில் நான் சாந்தி. அகதி முகாம் அட்டையில் நான் கலா, உங்கள் மகள். எது உண்மை என்று திங்கட்கிழமை புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸில் விசாரணை.

உங்கள் மேல் கோபம்கூட வருகிறது. ஷெல்லடியில் நான் அம்மாவின் கையை விட்டேன். நீங்கள் உங்கள் கலாவையே பறிகொடுத்தீர்கள். தனியாக நின்ற என்னைத் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்கு நீங்கள் ஏறிய படகில் யாரோ, "தாய் தகப்பன் இல்லாத பிள்ளையளை ஹோமுக்குக் கொண்டு போயிடுவாங்கள்" என்று சொல்ல, நீங்கள் என் காதில், "பேர் கேட்டா கலா எண்டு சொல்லு. நான்தான் உன்ர அப்பா" என்றீர்கள். எனக்கு ஐந்து வயது, கலாவுக்கு ஏழு. "ஏழு வயசுப் புள்ளையா இது? சோறே போடுறதில்லையா?" என்று டீச்சர் திட்டியபோது தலை குனிந்து நின்றீர்களே, அப்போதாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாமே?

செக்கிங்குக்கு அதிகாரி வந்து பெயர் கூப்பிடும் நாளெல்லாம் என் கையை விரல் வலிக்க வலிக்கப் பிடித்திருப்பீர்கள். அவர் 'கலா' என்றதும், நான் வாய் திறக்கும் முன்பே, "இருக்கிறா ஐயா" என்று முந்திக்கொள்வீர்கள். எனக்கு ஒரு மகள் பிறந்த பிறகும் அப்படித்தான்.

இலவசச் சட்ட உதவிக்குப் போனேன். வக்கீலம்மா முகாமில் பதிந்த பழைய படிவத்தைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே காப்பாளர்னு எழுதியிருந்தா போதும்ங்க. தனிக் கட்டமே இருக்கு பாருங்க. அதை விட்டுட்டு அப்பான்னு ஏன் எழுதுனாரு?" என்றார். அந்தக் கட்டத்தில் நீங்கள் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். வாசிக்கத் தெரியாதவரா நீங்கள்?

உண்மையைச் சொன்னால் அட்டை போய்விடுமா? நர்சிங் சேர்ந்திருக்கிறாளே உங்கள் பேத்தி, அவள் தாள்களில் எல்லாம் அம்மா பெயர் கலா. அவள் கதி? இறந்துபோன உங்களைப் பொய்யர் என்று எழுதுவார்களா? பொய் சொன்னாலோ, அம்மாவைப் பார்க்கவே முடியாது. ஒரு வாய் சோறு இறங்கவில்லை. கீரமங்கலத்துக்குப் பூப் பறிக்கும் கூலி வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். "உள்ளதைச் சொல்லுங்கம்மா, எது வந்தாலும் பாத்துக்கலாம்" என்கிறாள் பேத்தி. தன் தாள்களையும் எடுத்து என் பையில் வைக்கிறாள்.

திங்கட்கிழமை என் கையைப் பிடிக்க நீங்கள் இல்லை. பெயர் கேட்டால் சாந்தி என்று சொல்லப் போகிறேன். கலா ஷெல்லடியில் செத்துப்போனாள் என்பதையும் சொல்வேன். யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயந்து, அந்தப் பிள்ளைக்கு நீங்கள் ஒரு விளக்குக்கூட ஏற்றியதில்லை. விசாரணை முடிந்து வந்ததும், என்ன ஆனாலும் சரி, உங்கள் படத்துக்குப் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு விளக்கு வைக்கிறேன் அப்பா.

உங்கள் இளைய மகள்,
சாந்தி