இடது கை வெட்டு

அக்கா,

நீ இரண்டு முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. நம் மர அச்சுப் படம் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது. விண்ணப்பத்தில் கலைஞர் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. பலகையைச் செதுக்கியது நீ. மை தடவித் தாளில் எடுத்தது மட்டும்தான் நான். ஆனாலும் என் பெயரை எழுதிவிட்டேன்.

திறப்பு நாளில் நடுவர் அம்மா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இடது கை வெட்டாச்சே. உங்களுக்கு இடது கைப் பழக்கமா?" என்று கேட்டார். டீக் கோப்பையைச் சட்டென்று இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "ஆமாங்க, சின்ன வயசுலேர்ந்தே" என்றேன். அதோடு விட்டாரா? கண்காட்சிப் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். இடது கையாலேயே போட்டேன். கோழி கிளறியது மாதிரி இருந்தது. "கலைஞர் கையெழுத்துன்னா இதுதான்!" என்று பூரித்துப்போனார்.

வரும் வெள்ளிக்கிழமை மாணவர்கள் முன்னால் நான் செதுக்கிக் காட்ட வேண்டுமாம்.

சின்ன வயதில் நீ இடது கையால் எழுதும்போதெல்லாம் அம்மாவிடம் போட்டுக்கொடுத்து அடி வாங்கவைத்தவள் நான். வெள்ளிக்கிழமை நீ வா. உளியை உன் கையில் கொடுத்துவிட்டு, எல்லார் முன்னாலும் போட்டுக்கொடுக்கிறேன். இந்த முறை என்னை.

உன் தங்கை