நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை

மதினி,

காலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகுமுன் முழங்காலில் தைலம் தேய்த்தேன். அந்த வாடையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நம் தோட்டத்து லயத்து வீடுகளில் எந்த வலிக்கும் ஒரே வைத்தியம்தானே: தைலம், இரண்டு பனடோல் மாத்திரை, மேலே பால் ஊற்றாத ஒரு சாயத்தண்ணி. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நீங்களும் அப்படித்தான். வயிற்றில் புற்று என்று தெரிந்த பிறகும் பனடோலையே விழுங்கிக்கொண்டு மலைக்குக் கொழுந்தெடுக்க வரப் பார்த்தீர்கள், பிடிவாதக்காரி.

பலாங்கொடை கிளினிக்கில் நர்ஸ் சிங்களத்தில்தான் விளக்கினார். உங்களுக்கு இருந்த சிங்களம் கடையில் பேரம் பேச மட்டுந்தான் போதும். அதனால் நான் கேட்டுச் சொன்னேன். பனடோல் மூளையில் வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துமாம். வீக்க மாத்திரை வலிக்கிற இடத்திலேயே வேலை செய்யுமாம், ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புண்ணாக்கிவிடும். புதிதாகப் போத்தலில் தந்த மோர்பின் பாணிமருந்து வலி முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு ஏறுவதையே மறிக்குமாம். வலி வரும்வரை காத்திருக்காமல், நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்னார்.

எனக்கு அந்தப் பேரைக் கேட்டதுமே பயம். அதைக் கொடுத்தால் ஆள் பிழைக்காது என்றுதானே லயத்தில் பேசுவார்கள்? "ரொம்ப முடியாட்டி மட்டும் குடிக்கச் சொல்றாங்க மதினி" என்று மாற்றிச் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள்.

பத்து நாள். முந்தானையைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். போத்தலை எடுத்தால், "இன்னும் தாங்குது, இருக்கட்டும்" என்பீர்கள். கடைசியில் என்னால் பார்க்க முடியவில்லை. உங்கள் காலைப் பிடித்து உண்மையைச் சொல்லி அழுதேன்.

"அடி கிறுக்கி, நான் போயிருவேன்னா பயந்த? சரி, ஊத்து" என்றீர்கள்.

இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு கேட்டீர்கள். உப்புக் கூடிவிட்டது என்று என்னைத் திட்டியும் தீர்த்தீர்கள். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் உயிரோடு இருந்தீர்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம், மதினி.

போன வாரம் முழங்காலுக்கு மருந்தெடுக்கப் போன அதே கிளினிக்கில், ஒரு பிள்ளை தன் அம்மாவிடம் நான் சொன்ன பொய்யையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய் அந்த அம்மாவிடம் நர்ஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். "உங்களுக்கு என்னத்துக்கு இந்த வேலை?" என்று பிள்ளை பாய்ந்தாள். அவள் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசட்டும், அவளுக்கு அந்தப் பத்து நாள் வேண்டாம்.